மீதி இருபத்தொன்றரை மணி நேரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அதிகாலை 4.30 மணிக்கு மைக் முன்னால் உட்காருகிறவர் 7 மணிக்கு எழுந்துவிடலாம். அன்றைய பிழைப்பு முடிந்தது. ஊர் அப்போதுதான் பல் துலக்கப் போகிறது. அவர் கையிலோ இன்னும் இருபத்தொன்றரை மணி நேரம் மிச்சம் கிடக்கிறது. தூக்கத்துக்கென்று 7 மணி நேரத்தைக் கழித்தாலும் பாக்கி பதினான்கரை. குடும்பம் இருக்கிறவர் வீட்டுக்குப் போவார். மனைவி விட்டுப் போய், வீடும் கைவிட்டுப் போய், நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர் எங்கே போவார்?

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கணக்குதான். கணக்குக்குச் சொந்தக்காரர் ஆலன் பார்ட்ரிட்ஜ். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், நாரிச் நகரத்தில், 'ரேடியோ நாரிச்' என்ற கற்பனை வானொலி நிலையத்தில் விடிவதற்கு முன் பேசுகிற கற்பனை மனிதர். இவரை வைத்து 'ஐ'ம் ஆலன் பார்ட்ரிட்ஜ்' என்ற நகைச்சுவைத் தொடர் 1997 நவம்பர் 3 முதல் டிசம்பர் 8 வரை பிபிசி 2இல் ஒளிபரப்பானது. மொத்தமே 6 அத்தியாயங்கள். எழுதியவர்கள் பீட்டர் பேனம், ஸ்டீவ் கூகன், அர்மாண்டோ இயனூச்சி ஆகிய மூவர். பார்ட்ரிட்ஜாக நடித்தவரும் கூகனே. அடுத்த ஆண்டு பாஃப்டா விழாவில் சிறந்த நகைச்சுவை நிகழ்ச்சி, சிறந்த நகைச்சுவை நடிப்பு என்று இரண்டு விருதுகளும் இதற்கே போயின.

வானொலிக்காரரைப் பற்றிய தொடர் என்றால் ஸ்டுடியோவில் நடக்கும் கூத்துகளே பெரும்பகுதி என்று நினைக்கத் தோன்றும். இதில் ஸ்டுடியோ வருவது கொஞ்சம்தான். காலை நிகழ்ச்சி சில நிமிடம் ஓடும். பிறகு ஆலன் காரில் ஏறி லாட்ஜுக்குத் திரும்புவார். அத்தியாயத்தின் பெரும்பங்கு அங்கேதான், வரவேற்பு மேசைக்கும் அறைக்கும் மதுக்கூடத்துக்கும் நடுவில் கழியும். எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. பேசுவதே தொழிலாகக் கொண்டவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டு, மீதி நாளை அவன் தலையில் கொட்டிவிட்டு, என்ன செய்கிறான் என்று ஓரமாக நின்று பார்க்கிறார்கள்.

ஆள் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிலும் குரல்தான் முதலில் வந்தது. 1991இல் பிபிசி வானொலி 4இல் 'ஆன் தி ஹவர்' என்றொரு நையாண்டிச் செய்தி நிகழ்ச்சி. தயாரிப்பாளர் இயனூச்சி, செய்தி வாசிப்பவர் கிறிஸ் மாரிஸ். மாரிஸ் பிபிசியின் கேம்பிரிட்ஜ்ஷயர், பிரிஸ்டல் உள்ளூர் நிலையங்களில் வேலை பார்த்து, அந்தத் தொழிலின் சின்னச் சின்ன அசட்டுத்தனங்களை உள்ளிருந்து கண்டவர். நிகழ்ச்சிக்கு விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் தேவைப்பட்டார். பலகுரல் வித்தையில் தேர்ந்த கூகன், எங்கோ கேட்டது போலவும் யாருடையது என்று சொல்ல முடியாதது போலவும் ஒரு குரலில் பேசிக் காட்டினார். கேட்டவர்களில் ஒருவர் இவன் ஓர் ஆலன் என்றார். இன்னொருவர் பார்ட்ரிட்ஜ் என்றார். சில நிமிடங்களிலேயே ஊரும் குணமும் ஆசைகளும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. முகமும் கோட்டும் கார் ஓட்டும்போது போடும் தோல் கையுறையும் 1994இல் அந்த நிகழ்ச்சி 'தி டே டுடே' என்ற பேரில் தொலைக்காட்சிக்கு வந்தபோதுதான் கிடைத்தன.

அதே 1994இல் ஆலனுக்குத் தொலைக்காட்சியில் சொந்தமாக ஒரு நேர்காணல் நிகழ்ச்சி வாய்த்தது: 'நோயிங் மீ, நோயிங் யூ'. அப்பா இசைக்குழுவின் பாட்டுத் தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. அப்பா மீது அவருக்கு அவ்வளவு பித்து. மகனுக்கே அவர்கள் பாட்டின் தலைப்பான ஃபெர்னாண்டோ என்பதைப் பேராக வைத்தவர். கடைசி நிகழ்ச்சியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்து விளையாடப்போய், எதிரே இருந்த விருந்தினரையே சுட்டுக் கொன்றுவிடுகிறார். அதையும் பிபிசி பொறுத்துக்கொண்டு 1995 கிறிஸ்துமஸுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. அதில், சமைத்த வான்கோழிக்குள் கையை விட்டபடி, நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அதிகாரி டோனி ஹேயர்ஸையே முகத்தில் குத்துகிறார். அதோடு தொலைக்காட்சி வாழ்க்கை மூட்டை கட்டப்பட்டது. மனைவி கேரல் உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமானவரோடு போய்விட்டார்.

1997இல் தொடர் தொடங்கும்போது ஆலன் லிண்டன் டிராவல் டேவர்ன் என்ற லாட்ஜில் 182 நாள்களாகத் தங்கியிருக்கிறார். லண்டனுக்கும் நாரிச்சுக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த இடத்தின் பெருமையாக அவர் சொல்லிக்கொள்வது. இந்தப் பெருமையைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போக வேண்டியது நாரிச்சுக்கு. லண்டனில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அதிகாலை 4.30 மணி நிகழ்ச்சிக்கு நடுராத்திரிக்குப் பின் கிளம்பிக் காரோட்ட வேண்டியவர், பிபிசி எப்போது கூப்பிட்டாலும் பாதி வழியில் இருப்போம் என்று நடுவழியில் குடியிருக்கிறார். வசனம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனிதனின் நிலைமையை ஒரு முகவரியே சொல்லிவிடுகிறது. பிரிட்டனில் நெடுஞ்சாலை ஓர மலிவு லாட்ஜ்கள் பரவத் தொடங்கியது 1985இல் டிராவலாட்ஜ் வந்த பிறகு. எல்லா அறையும் ஒரே மாதிரி, எல்லா ஊரிலும் ஒரே கம்பளம். ஓர் இரவு தலை சாய்க்கக் கட்டியது. அதில் அரை வருடம் தங்கினால் என்ன ஆகும் என்பது எழுத்தாளர்களுக்குக் கிடைத்த பொன் முட்டை.

என்ன ஆகும் என்றால், காலை பஃபேக்குச் சொந்தத் தட்டு எடுத்துப் போவார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஆனால் லாட்ஜ் தரும் தட்டு சின்னது. ஆலன் 12 அங்குலத் தட்டு ஒன்றை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் சூசன் தொழில்முறைப் புன்னகையோடு எதையும் தாங்கிக்கொள்வார். மற்ற ஊழியர்களான சோஃபியும் பென்னும் ஆலனின் முதுகு திரும்பியதும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துவிடுவார்கள். அவர் சொல்வதை முழு மனதோடு கேட்கிறவர் ஒருவர்தான்: எடுபிடி வேலைகள் செய்யும் மைக்கேல், முன்னாள் ராணுவ வீரர், நடித்தவர் சைமன் கிரீனால். மைக்கேல் வடகிழக்கே நியூகாசில் வட்டாரக்காரர். அவர் பேசும் ஆங்கிலம் ஆலனுக்குப் பாதிக்கு மேல் புரிவதில்லை. ஊர் மக்களோடு பேசிப் பிழைக்கும் அறிவிப்பாளருக்கு வாய்த்த ஒரே நிஜமான நேயர், பேசுவது புரியாத நேயர்.

லின் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஃபெலிசிட்டி மான்டகியூ நடித்த லின் பென்ஃபீல்ட், ஆலனின் உதவியாளர். நடுத்தர வயது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண்மணி. கணக்கு, கடிதம், கடையில் வாங்க வேண்டியவை, ஆறுதல், பொய் என்று எல்லாமே அவர் பொறுப்பு. இரண்டாம் அத்தியாயத்தில் பண நெருக்கடி முற்றுகிறது. ஒன்று, பெரிய ரோவரை விட்டுவிட்டுச் சின்னக் கார் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பேர்ட்ரீ என்ற தன் தயாரிப்பு நிறுவனத்தின் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சின்னக் கார் மெட்ரோ. ரோவர் நிறுவனம் அதற்கு 1994 இறுதியில் ரோவர் 100 என்று நிஜமாகவே பேரை மாற்றியிருந்தது. பேரை மாற்றினாலும் மெட்ரோ மெட்ரோதான் என்பது ஆலனுக்குத் தெரியும். ஊழியர்களை அனுப்பிவிடுகிறார். நம் ஊரில் கடன் மூழ்கும்போதும் வாசலில் நிற்கும் காரை விற்காதவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இனி அந்தக் காலை நிகழ்ச்சி. 'அப் வித் தி பார்ட்ரிட்ஜ்' என்று பேர். வானொலியில் காலை நேரம்தான் ராஜ நேரம் என்பது தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். பிரிட்டனிலும் கேட்போர் கூட்டம் உச்சிக்குப் போவது காலைச் சிற்றுண்டி வேளையில். ஆலன் தொடர் ஒளிபரப்பான அதே 1997இல், அதற்கு முந்தைய மாதமான அக்டோபரில், கிறிஸ் எவான்ஸ் என்ற நிஜ அறிவிப்பாளர் வர்ஜின் ரேடியோவின் காலை நிகழ்ச்சிக்கு வந்தார். டிசம்பருக்குள் அந்த நிலையத்தையே வாங்கிவிட்டார். காலை அறிவிப்பாளர் நிலையத்தை விலைக்கு வாங்குகிற காலம் அது. ஆலனும் காலை அறிவிப்பாளர்தான். ஆனால் அவருடைய நேரம் 7 மணிக்கு முடிகிறது. கேட்க ஆள் வந்து சேரும் சரியான நிமிடத்தில் மைக்கை அடுத்த அறிவிப்பாளர் டேவ் கிளிஃப்டனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். சமைத்து முடித்ததும் பந்தி விரிக்கும் முன் அடுப்படிக்காரரை அனுப்பிவிடுவது மாதிரி.

ஃபில் கார்ன்வெல் நடித்த அந்த டேவ் கிளிஃப்டனோடு நடக்கும் கைமாற்றம் தொடரின் மிகச் சுருக்கமான, மிக விஷமான பகுதி. இது எல்லா வானொலி நிலையத்திலும் உண்டு: முடிக்கிறவரும் தொடங்குகிறவரும் ஒரு நிமிடம் சிரித்துப் பேசிக்கொள்வார்கள், கேட்கிறவருக்கு ஒரு குடும்பம் போலத் தோன்றும். ஆலனும் டேவும் சிரித்துக்கொண்டே ஒருவர் காயத்தில் மற்றவர் விரலை விட்டுக் கிண்டுவார்கள். ஒருவரின் மணமுறிவு, இன்னொருவரின் குடி. இருவர் குரலும் உற்சாகமாகவே இருக்கும். பேசும் பொருளையும் பேசும் தொனியையும் பிரித்து வைப்பது தொழில்முறை அறிவிப்பாளரின் திறமை. இங்கே அந்தத் திறமையே நகைச்சுவையாகிறது.

காலை வேளை என்றால் விவசாயிகள் கேட்பார்கள். நார்ஃபோக் உழவு மாவட்டம். மூன்றாம் அத்தியாயத்தில் அவர்களைப் பகைத்துக்கொண்ட ஆலன் ஒரு விவசாயப் பிரதிநிதியை ஸ்டுடியோவில் சந்திக்கிறார். பிரதிநிதியாக வருபவர் அதே கிறிஸ் மாரிஸ். சமாதானமாகப் போகலாம் என்று தொடங்கும் பேச்சு இரண்டு நிமிடத்தில் தடம் புரள்கிறது. நீங்கள் பன்றிகளுக்குப் புகைபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள், அன்னப்பறவைகளுக்குப் பர்கர் ஊட்டுகிறீர்கள், யாரையும் உள்ளே விடாத கொட்டகைகளில் 20 அடி உயரக் கோழிகளை வளர்க்கிறீர்கள் என்ற ரீதியில் குற்றச்சாட்டுகள் ஏறிக்கொண்டே போகின்றன. இதை வெறும் உளறல் என்று தள்ளிவிடக் கூடாது. மாட்டுப் பித்து நோய்க்கும் மனிதருக்கு வரும் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பிரிட்டன் அரசு 1996 மார்ச்சில்தான் ஒப்புக்கொண்டிருந்தது. அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டன் மாட்டிறைச்சிக்குத் தடை போட்டது. மாட்டுக்கு மாட்டின் எலும்புத்தூளையே தீவனமாகப் போட்டார்கள் என்று செய்தி படித்த நாட்டில், கொட்டகைக்குள் என்ன நடக்கிறதோ என்ற பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. ஆலன் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு, நிறுத்தத் தெரியாமல், 20 அடிக் கோழிவரைக்கும் போய்விடுகிறார். பதிலடியும் தகுந்த மாதிரியே வருகிறது. படகுச் சுற்றுலா நிறுவனம் ஒன்றுக்கு விளம்பரப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போது, பாலத்தின் மேலிருந்து செத்த மாடு ஒன்று அவர் மேல் விழுகிறது.

நிறுத்தத் தெரியாமல் என்று சொன்னது தற்செயலாக அல்ல. வானொலிக்காரர்கள் 'டெட் ஏர்' என்பார்கள்: மைக் திறந்திருக்கும்போது விழும் மௌனம். அதைவிடப் பெரிய பாவம் அந்தத் தொழிலில் கிடையாது. பாட்டு முடிந்து விளம்பரம் வருவதற்குள் இடைவெளி விழுந்தால் ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு 'லிங்க்' வேண்டும். எஃப்.எம். காலை நிகழ்ச்சிகளைக் கேட்டபடி அலுவலகம் போகும் சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆலனுக்கு வந்த கேடு, இந்தத் தொழில் நோய் வீடுவரை வந்துவிட்டது. இறந்த வீட்டிலும், காதல் பேச வேண்டிய இடத்திலும், எதிராளி முகம் சுளிக்கும்போதும் அவருக்கு மௌனம் தாங்காது. ஒரு லிங்க் போட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். மைக் இல்லாத நேரத்துக்குச் சட்டைப்பையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. தொலைக்காட்சிக்கான யோசனைகள் உதித்த உடனே அதில் பேசி வைப்பார்.

அந்த யோசனைகளின் கதி முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். டேவிட் ஷ்னைடர் நடித்த டோனி ஹேயர்ஸ் அவரை மதிய உணவுக்கு அழைத்து, 'நோயிங் மீ, நோயிங் யூ'வுக்கு இரண்டாம் தொடர் கிடையாது என்று சொல்கிறார். ஆலன் மேசையில் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு நிகழ்ச்சி யோசனைகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார்: சிறையில் சமையல், நகரத்துச் சேரிகளில் சுமோ மல்யுத்தம், குத்துச்சண்டை வீரர் கிறிஸ் யூபாங்கோடு இளைஞர் விடுதிப் பயணம். எதுவும் எடுபடாமல் கடைசியில் குரங்கு டென்னிஸ். பிரிட்டன் தொலைக்காட்சி உலகில் இன்றுவரை உருப்படாத நிகழ்ச்சி யோசனைக்கு 'குரங்கு டென்னிஸ்' என்றே பேர். அந்த யோசனைகள் எல்லாம் சிரிப்பதற்காக எழுதிய பட்டியல். காலம் அதை வேறு மாதிரி படித்தது. 2012இல் சமையல் கலைஞர் கோர்டன் ராம்சே பிரிக்ஸ்டன் சிறைக் கைதிகளைச் சமைக்க வைத்த தொடர் சேனல் 4இல் வந்தது. யூபாங்கை வைத்து ஒரு விடுதி முன்பதிவு நிறுவனம் உண்மையிலேயே விளம்பரப் படம் எடுத்தது. குரங்குகள் மட்டும் இன்னும் மட்டையைப் பிடிக்கவில்லை. சாப்பாடு எப்படி முடிந்தது என்றால், ஆலன் ஒரு பெரிய சீஸ் கட்டியை முள்கரண்டியில் குத்தி அதிகாரியின் முகத்தில் தேய்ப்பதோடு முடிந்தது.

தொடரின் உச்சம் எது என்று கேட்டால் பலர் இந்த உணவகக் காட்சியைச் சொல்வார்கள். இந்த உரையின் ஓட்டு நான்காம் அத்தியாயத்துக்கு. அதில் ஒன்றுமே நடப்பதில்லை. ஆலனுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான் கதை. அறையில் பேன்ட் மடிப்பு கலையாமல் அழுத்தி வைக்கும் மின்கருவி ஒன்று சுவரில் இருக்கிறது. அதைத் திருகு திருகாகக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் வரவேற்பைக் கூப்பிடுகிறார். நடப்பதற்கே வழியில்லாத நெடுஞ்சாலை ஓரமாக நடந்து பெட்ரோல் பங்குக்குப் போய் கார் கண்ணாடி கழுவும் திரவத்தைப் பாட்டில் பாட்டிலாக வாங்கி வருகிறார். சாலையில் வைக்கும் கூம்பு ஒன்றைத் திருடுகிறார். நகைச்சுவைத் தொடர்களின் இலக்கணப்படி அத்தியாயத்துக்கு ஒரு சிக்கல், ஒரு பொய், ஒரு மாட்டிக்கொள்ளல் வேண்டும். இங்கே எதுவும் இல்லாமல் அந்தப் பதினான்கரை மணி நேரத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர் சிரிக்கிறார், மதிய வெயிலில் கம்பளம் வாசனை அடிக்கும் லாட்ஜ் அறை ஒன்றில் தானும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு ஒரு நொடி தொண்டையில் நிற்கிறது.

இதற்கு 19 ஆண்டு முன்பே அமெரிக்கா தன் காலை அறிவிப்பாளரைப் படைத்துவிட்டது. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1978 முதல் 1982 வரை 90 அத்தியாயங்கள் ஓடிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'. படைத்தவர் ஹியூ வில்சன், அட்லாண்டாவில் விளம்பரத் துறையில் இருந்தபோது வானொலிக்காரர்களோடு பழகியவர். ஹோவர்ட் ஹெஸ்மன் நடித்த டாக்டர் ஜானி ஃபீவர், ஒரு கெட்ட வார்த்தையை ஒலிபரப்பில் சொல்லி லாஸ் ஏஞ்சலிஸில் வேலை இழந்து இங்கே வந்து விழுந்தவர். கண்ணைக் கசக்கிக்கொண்டே மைக் முன்னால் உட்காரும் காலை அறிவிப்பாளர். அவருக்கும் அதிர்ஷ்டம் கிடையாது. ஆனால் சுற்றிலும் இருப்பவர்களுக்கு அவரைப் பிடிக்கும். நிலையமே ஒரு கூட்டுக் குடும்பம். ஆலனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தத் தொடரின் வான்கோழி அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த உரைக்கே குறை. 1978 அக்டோபர் 30இல் ஒளிபரப்பானது. நன்றித் திருநாளுக்கு விளம்பரமாக, நிலைய மேலாளர் வணிக வளாகத்தின் மேலே ஹெலிகாப்டரில் இருந்து உயிருள்ள வான்கோழிகளை வீசச் சொல்கிறார், பறந்துவிடும் என்ற நம்பிக்கையில். கீழே நின்று நேரலையில் வர்ணிக்கும் செய்தியாளர் லெஸ் நெஸ்மனின் குரல், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததை வர்ணித்த நிஜ வானொலிக் குரலைப் போல உடைந்து அழத் தொடங்குகிறது. விழும் பறவை ஒன்றையும் தொலைக்காட்சி காட்டவில்லை. குரல் மட்டும்தான். காட்சி ஊடகத்தில் வானொலியின் பலத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட இடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. வான்கோழி என்றால் அறிவிப்பாளர்களுக்கு ஆகாது போலிருக்கிறது. ஆலனின் கிறிஸ்துமஸையும் அதுதான் கெடுத்தது.

நாரிச்சுக்குத் திரும்புவோம். இரண்டாம் தொடர் 5 ஆண்டு கழித்து 2002 நவம்பரில் வந்தது. ஆலன் இப்போது இரவு நிகழ்ச்சிக்கு மாறியிருக்கிறார். வீடு கட்டி முடிகிறவரை நிறுத்தி வைத்த கேரவனில் குடியிருக்கிறார். சோன்யா என்ற உக்ரைன் காதலி இருக்கிறார். நடுவில் மனம் உடைந்து டோப்லரோன் சாக்லேட்டைத் தின்றுகொண்டே வெறுங்காலோடு ஸ்காட்லாந்தின் டண்டிவரைக்கும் கார் ஓட்டிய கதை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இரைச்சல் கூடிவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டுதான் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எடுத்த 'தி ஆஃபீஸ்' வந்து, பார்வையாளர் சிரிப்பொலி இல்லாமலே சங்கடத்தைச் சிரிப்பாக்க முடியும் என்று காட்டியிருந்தது. அந்த இருவரும் சந்தித்துக்கொண்டதே எக்ஸ்எஃப்எம் என்ற லண்டன் வானொலி நிலையத்தில்தான். லாட்ஜின் அந்தச் செத்த மதியங்கள் இல்லாமல் ஆலன் சற்றுப் பொதுவான கோமாளியாகத் தெரிகிறார் என்பது இந்த உரையின் எண்ணம், மறுப்பவர்கள் ஏராளம்.

காலைக்கு அவரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ராப் கிப்பன்ஸ், நீல் கிப்பன்ஸ் என்ற சகோதரர்கள். 2010இல் இணையத்துக்காகக் கூகனோடு சேர்ந்து அவர்கள் எழுதிய 'மிட் மார்னிங் மேட்டர்ஸ்' பிறகு ஸ்கை அட்லான்டிக் தொலைக்காட்சிக்கும் போனது. 'நார்த் நார்ஃபோக் டிஜிட்டல்' என்ற குட்டி நிலையம், அசையாத கேமரா, பக்கத்தில் டிம் கீ நடித்த உதவி அறிவிப்பாளர் சைமன். ஸ்டுடியோவை விட்டு வெளியே போவதே இல்லை. ஆனால் எழுதியவர்கள் பழைய தந்திரத்தை உள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: பாட்டு ஓடும் அந்த 3 நிமிடம். மைக் அணைந்ததும் நேயருக்குக் கேட்காத ஆலன் வெளியே வருகிறார். சைமனை அதட்டுகிறார், எதையாவது தின்கிறார், சும்மா வெறிக்கிறார். பாட்டு முடிந்ததும் குரல் மறுபடி இனிப்பாகிறது. பதினான்கரை மணி நேர வெறுமையை 3 நிமிடமாகச் சுண்டக் காய்ச்சியது போல.

2013இல் திரைப்படம் வந்தது, 'ஆலன் பார்ட்ரிட்ஜ்: ஆல்ஃபா பாப்பா'. நிலையத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, 'ஷேப்' என்று பேரை மாற்றி, ஆள்குறைப்புக்குத் தயாராகிறது. தன் தலை தப்ப, நண்பர் பாட் ஃபாரலை அனுப்பிவிடுங்கள் என்று கூட்ட அறையின் பெரிய காகிதத்தில் ஆலனே எழுதிக் காட்டுகிறார். கால்ம் மீனி நடித்த பாட், துப்பாக்கியோடு திரும்பி வந்து எல்லோரையும் பிணை பிடிக்கிறார். போலீஸ் ஆலனைத் தூது அனுப்புகிறது. கேமராக்கள் வாசலில் நிற்கின்றன. பல ஆண்டு கழித்து நாடே தன் குரலைக் கேட்கிறது என்ற பூரிப்பு அவர் முகத்தில் பயத்தையும் மீறி வழிகிறது.

படம் எடுத்தவர்கள் ஆரூடம் பார்க்கவில்லை. தொழில் போகும் திசை தெரிந்திருந்தது. பிரிட்டனில் உள்ளூர் வானொலிக்கு வயது அதிகமில்லை. பிபிசியின் முதல் உள்ளூர் நிலையம் 1967இல் லெஸ்டரில் திறந்தது. வணிக நிலையங்கள் 1973இல் லண்டனில் தொடங்கின. நாரிச்சுக்கு பிபிசி ரேடியோ நார்ஃபோக் 1980இலும், வணிக நிலையமான ரேடியோ பிராட்லேண்ட் 1984இலும் வந்தன. ஊர்ச் சாலை, ஊர் மழை, ஊர்ச் சண்டை என்று பேசும் காலை அறிவிப்பாளர் அந்தச் சில பத்தாண்டுகளின் பிறவி. நாரிச் நகர மையத்தில் வாகனங்களைத் தடுத்து நடைபாதைத் தெரு ஆக்குவதை ஆலன் ஓயாமல் எதிர்ப்பார். அந்த நகரத்தின் லண்டன் தெரு 1967இலேயே நடப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டு, பிரிட்டனில் அந்த வகைக்கு முன்னோடி ஆகியிருந்தது. தோற்று முப்பது வருடமான வழக்கை ஒருவர் தினமும் காலையில் நடத்திக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஊர்ச் சண்டைக்காரர்களுக்கு 2019இல் இடம் சுருங்கியது. கேப்பிட்டல், ஹார்ட் போன்ற வணிக வலையமைப்புகள் ஊருக்கு ஊர் இருந்த காலை நிகழ்ச்சிகளை மூடிவிட்டு லண்டனில் இருந்து நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியை அனுப்பத் தொடங்கின.

இதில் நாரிச்சின் கதை தனி. 1997இல் 'ரேடியோ நாரிச்' என்று ஒரு நிலையம் கிடையாது. எழுத்தாளர்கள் வைத்த பேர் அது. 2006இல் நிஜமாகவே '99.9 ரேடியோ நாரிச்' என்று ஒரு நிலையம் அந்த ஊரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிரிப்பதற்காக வைத்த பேரை ஊர் வெட்கப்படாமல் சூட்டிக்கொண்டது. 14 ஆண்டு அந்தப் பேரில் காலை விடிந்தது. பிறகு பாவர் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய், 2020 செப்டம்பரில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ' என்ற நாடு தழுவிய வலையமைப்பில் கரைந்தது.

அதே செப்டம்பரில்தான் இரண்டு சிற்பிகள் செய்த ஆலன் பார்ட்ரிட்ஜின் ஆளுயரச் சிலை ஒன்று நாரிச் நகர மையத்துக்கு வந்தது. ஃபோரம் என்ற கட்டடத்தின் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். பிபிசி ரேடியோ நார்ஃபோக்கின் ஸ்டுடியோ இருப்பதும் அந்தக் கட்டடத்தில்தான். ரசிகர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துச் சிலையை எடுத்துப் போய்விட்டார்கள்.